இளையோர் மனச்சோர்வு

ஆரணிப் பட்டுத்தறியில் பாவின் ஓரிழை அறுமாயின், நெசவாளர் தறியை நிறுத்தி, அவ்விழையைப் பிணைத்த பின்னரே மேலே நெய்வர். பாவு முழுவதையும் அறுத்தெறிவாரில்லை. இளைஞர் உள்ளத்தின்பாலும் நாம் அங்ஙனமே நடத்தல் வேண்டும்.

உலகில் 10 முதல் 19 வயதுடையோருள் எழுவரில் ஒருவர் மனநலக் குறையால் வருந்துகின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. தற்கொலை எண்ணம் ஒரே காரணத்தால் எழுவதன்று. மனச்சோர்வு நோய், குடும்பப் பூசல், கடன், தந்தையின் குடி, தோழரின் ஏளனம் முதலியன முன்னரே அழுத்தியிருக்க, பரீட்சைத் தோல்வி அப்பாரத்தின்மேல் வந்து விழுகின்றது.

பாரம் குறையின் உயிர் பிழைக்கும் என்பதற்கு நம் மாநிலமே சான்று. தவறியோர் ஓராண்டு காத்திராது விரைவில் மீண்டும் எழுதத் துணைத்தேர்வு ஏற்பட்டபின், தேர்வுத் தோல்வியால் நேரும் தற்கொலைகள் குறைந்தன என்று, 1986இல் சென்னையில் 'சினேகா' அமைப்பை நிறுவிய மருத்துவர் லட்சுமி விஜயகுமார் எடுத்துக்காட்டியுள்ளார்.

ஆதலின், தோழன் தனிமையை நாடினும், உறக்கம் குன்றினும், தான் பிறர்க்குச் சுமை என்று கூறினும், நாம் வாளாவிருத்தல் தகாது. 'சாக நினைக்கின்றாயோ?' என்று அன்புடன் வினவுதல் அவ்வெண்ணத்தை விதைக்காது. அவன் வாய் திறக்க வழி செய்யும். கேட்டபின் அவனைத் தனியே விடாது, பெரியோரிடமும் மருத்துவரிடமும் அழைத்துச் செல்க. அரசின் 14416 என்னும் தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் உதவி கிட்டும்.

நம்முள் எவர்க்கேனும் இத்துயர் நேரின், அதனை உரைத்தல் இழுக்கன்று.