கிளுவையின் பங்காளி குக்குலு

காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காட்டுக்கு முள்கிளுவைதான் வேலி. போத்து வெட்டி ஊன்றினால் மழைக்குத் தானாகத் துளிர்த்துவிடும். இதன் பங்காளி ஒன்று குஜராத்தின் கட்ச் பகுதியிலும் ராஜஸ்தானின் வறண்ட குன்றுகளிலும் வளர்கிறது. பெயர் குக்குலு. முள் நிறைந்த குட்டை மரம். பட்டையைக் கீறினால் வடியும் பிசின்தான் ஆயுர்வேதத்தில் கொழுப்புக்கும் மூட்டுவலிக்கும் மருந்து. கடையில் குங்கிலியம் என்று தருவது பெரும்பாலும் வேறு மரத்தின் பிசின்; குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உடல் பருமன் பற்றி சுஸ்ருத சம்ஹிதை சொல்வதைப் பிடித்துக்கொண்டு, 1960களில் பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் ஜி.வி. சத்யவதி முயல்களுக்குக் குக்குலு கொடுத்து ஆராய்ந்தார். ரத்தக் கொழுப்பு குறைந்தது. பிறகு லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் இதிலிருந்து மருந்து தயாரித்தது. 1980களின் இறுதியில் விற்பனைக்கும் வந்தது. ஆனால் 2003ல் அமெரிக்காவில் 103 பேரிடம் 8 வாரம் நடந்த ஆய்வில் கெட்ட கொழுப்பு குறையவில்லை, சற்றே கூடியது. சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது.

எனவே குக்குலு மாத்திரையை நம்பி, டாக்டர் கொடுத்த கொழுப்பு மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. சில ரத்த அழுத்த மாத்திரைகளின் வேகத்தையும் இது குறைத்துவிடும். ஆயுர்வேத மருத்துவரிடம் போனாலும், சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் சொல்லிவிடுங்கள். கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

மனிதருக்கு எவ்வளவு பலன் என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. மரத்துக்கு நேர்ந்த சேதத்தில் சந்தேகமே இல்லை. பிசின் அதிகம் வடிய வேண்டும் என்று ஆழமாகக் கீறி, காயத்தில் விலங்குகளின் சிறுநீர் கலந்த கலவையைத் தடவுகிறார்கள். அந்தப் பருவத்தில் நன்றாக வடியும். பிறகு மரம் பட்டுப்போகும். இன்று குக்குலு, உலக அளவில் அழிவின் விளிம்பில் உள்ள தாவரங்களின் பட்டியலில் இருக்கிறது.

பட்டைக்கு மேலோடு கத்தி பட வேண்டும். உள்ளே கட்டை வரை இறங்கக்கூடாது. குளிர் காலத்தில் தொடங்கி கோடைக்குள் கீறலை முடித்து, மரத்துக்கு ஓய்வு தர வேண்டும். இப்படிச் செய்தால் ஒரு மரத்தில் கால் கிலோ முதல் அரைக் கிலோ வரை பிசின் கிடைக்கும்.

கிளுவை போலவே இதையும் போத்து நட்டு வளர்க்கலாம். மணலும் சரளையுமான நிலம் போதும், தண்ணீர் மட்டும் தேங்கக்கூடாது. சிக்கல் காத்திருப்பதில்தான்: கீறும் பருவத்துக்கு வர 8 ஆண்டுகளாவது ஆகும். மொத்த நிலத்தையும் இதற்கு ஒதுக்குவதைவிட வேலி ஓரத்தில் பத்து மரம் வைத்துப் பார்ப்பதே புத்திசாலித்தனம். அதற்கும் முன், பிசினை வாங்குபவர் யார், என்ன விலை என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.