சுண்ணாம்பு மண்ணுக்கு எந்த ஃபில்டர்?

அரியலூர்ப் பக்கம் போர் தண்ணீரைத் தினமும் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஒரு படிவு ஒட்டிக்கொள்ளும். புளி போட்டுத் தேய்த்தால்தான் போகும். அந்த வெள்ளையின் பூர்வீகம் கடல். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதி கடலடியில் கிடந்தபோது படிந்த சிப்பி ஓடுகள் நிறைந்ததுதான் கல்லங்குறிச்சியின் சுண்ணாம்புக்கல். சிமென்ட் ஆலைகளை இங்கே வரவழைத்ததும் இந்தச் சுண்ணாம்புதான். மண்ணில் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு இறங்கும் மழைநீர் இந்தக் கல்லைச் சிறுகச் சிறுகக் கரைக்கிறது. கொதிக்கும்போது அந்த வாயு வெளியேறிவிட, கரைந்த சுண்ணாம்பு மறுபடி படிகிறது.

மேற்கே பெரம்பலூரைத் தாண்டிப் பச்சைமலை அடிவாரத்துக்குப் போனால் கதை வேறு. அங்கே கெட்டிப் பாறை; அதன் வெடிப்புகளுக்குள்தான் தண்ணீர். அடுத்தடுத்த இரண்டு போர்களில்கூட ருசி மாறும். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் வயல்களில் போடும் உரத்திலிருந்து நைட்ரேட் கீழே இறங்க வாய்ப்புண்டு. சில தெருக்களுக்குக் கொள்ளிடத்து ஆற்று நீர் குழாயில் வருகிறது. ஆக, பக்கத்து ஊர்க்காரர் வாங்கிய மெஷின் நம் வீட்டுக்கும் பொருந்தும் என்று சொல்லவே முடியாது.

இது தெரியாதவர்களைப் பயமுறுத்த ஒரு வித்தை உண்டு. ஃபில்டர் விற்க வருபவர் இரண்டு டம்ளர்களில் கம்பிகளைச் செருகி மின்சாரம் பாய்ச்சுவார். வீட்டுத் தண்ணீர் நொடியில் பழுப்பாகிக் கசடு மிதக்கும், சவ்வு வழியே வடித்த ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாகவே இருக்கும். உண்மையில் அந்தக் கசடு கம்பியிலிருந்து கரைந்த இரும்பு. தண்ணீரில் உப்பு இருப்பதால் மின்சாரம் பாய்கிறது, ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, அதனால் கம்பி அவ்வளவாகக் கரைவதில்லை. அழுக்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

டி.டி.எஸ். மீட்டர் பொய் சொல்லாது. ஆனால் பாதிதான் சொல்லும். மின்கடத்தலை வைத்து மொத்த உப்பைக் கணிக்கிறதே தவிர, எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது, கிருமியும் தெரியாது. இந்தியத் தர நிர்ணயப்படி டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியில்லை என்றால் 2,000 வரை அனுமதி. கடினத்தன்மைக்கு இந்த எல்லைகள் 200, 600. நைட்ரேட்டுக்கோ 45 தான், அதற்கு மேல் சலுகையே கிடையாது. கைக்குழந்தைகளின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது குறைத்துவிடும். மீட்டரில் 450 காட்டும் கிணற்றிலும் நைட்ரேட் எல்லை மீறியிருக்கலாம். காய்ச்சினால் கிருமி சாகும், சுண்ணாம்பில் ஒரு பகுதி படியும். நைட்ரேட்டும் ஃபுளோரைடும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும்.

அதனால் மெஷினுக்கு முன்னால் சோதனை. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் சிறு கட்டணத்தில் பார்க்கலாம். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குச் சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தரும் ஏற்பாடும் உண்டு.

முடிவு கையில் வந்தால் தேர்வு சுலபம். உப்பு எல்லைக்குள் இருந்து கிருமி மட்டுமே கவலை என்றால் புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்லும் யூ.வி. அல்லது நுண்துளைகளில் வடிக்கும் யூ.எஃப். போதும். ஆற்று நீர் வரும் வீடுகளில் பெரும்பாலும் இதுவே நிலைமை. கலங்கல் இருந்தால் யூ.வி. ஒளி கிருமியை எட்டாது. முன்னால் ஒரு வடிகட்டி வேண்டும். நைட்ரேட், ஃபுளோரைடு, மிகையான உப்பு என்றால்தான் ஆர்.ஓ. அதன் சவ்வான மெம்பரேனைச் சாத்தியமாக்கியவர்களில் ஒருவர் சீனிவாச சௌரிராஜன் என்ற இந்தியர். 1950களின் கடைசியில் சிட்னி லோப்புடன் சேர்ந்து கலிபோர்னியாவில் அதை உருவாக்கினார்.

சாதாரண வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் தர மூன்று லிட்டர் வரை கழிக்கிறது. கோடையில் போர் வற்றும் ஊர்களுக்கு இது பெரிய இழப்பு. டி.டி.எஸ். 500க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடுக்க வேண்டும் என்று 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். கழிவு நீரைக் குடத்தில் பிடித்துக் கழிவறைக்கும் தரை துடைக்கவும் பயன்படுத்தலாம். செடிக்குத் தொடர்ந்து ஊற்றினால் மண்ணில் உப்பு ஏறும். கடினத்தன்மை கூடுதலான அரியலூர்த் தண்ணீரில் மெம்பரேன் சீக்கிரம் அடைபடும். அதனால் விலை கேட்கும்போதே மெம்பரேன் மாற்ற எவ்வளவு ஆகும், சர்வீஸுக்கு ஆள் உள்ளூரில் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்வது நல்லது.