‘என்ன பண்ணுது?’ என்ற கேள்விக்குத் தூரிகையால் ஒரு பதில்: பாரதபுரம் ஓவியர்கள் சொல்வது என்ன?

‘என்ன பண்ணுது?’ தமிழ்நாட்டில் எந்த டாக்டரிடம் போனாலும் முதல் கேள்வி இதுதான். நல்ல கேள்வி. எங்கே வலிக்கிறது என்பதோடு நிற்காமல், அது உங்களை என்ன செய்கிறது என்றும் கேட்கிறது. சளி, காய்ச்சல் என்றால் இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். பத்து வருடமாகக் கூடவே குடியிருக்கும் மூட்டுவாதத்தைப் பற்றி, வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை டயாலிசிஸுக்குப் போய்வரும் வாழ்க்கையைப் பற்றி என்னவென்று சொல்வது? வெளியே டோக்கனோடு நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ‘பரவால்ல சார், அப்படியேதான் இருக்கு’ என்று சொல்லி, மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்துவிடுகிறோம்.

சொல்லாமல் விட்ட அந்தப் பதில் சிலரிடம் கவிதையாகிறது, சிலரிடம் ஓவியமாகிறது. இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இருக்கிறது.

முட்டுக்காட்டில் இருந்து தொடங்குவோம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களுக்கு முட்டுக்காடு என்றால் படகுக் குழாமும் தட்சிணசித்ராவும்தான். அதே ஊரில், ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகளோடு வாழ்பவர்களுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனமும் இருக்கிறது. 2005-ல் தொடங்கப்பட்டது. சிகிச்சைப் பயிற்சிகள், சிறப்புக் கல்வி என்று பல வேலைகள் அங்கே நடக்கின்றன.

இப்படிப்பட்ட உதவிகளைத் தேடிப் போகும் குடும்பங்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும்: சதவீதம். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பார்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், ஹீமோபிலியா, தலசீமியா போன்ற நாள்பட்ட நோய்களும், தொழுநோயிலிருந்து குணமானவர்களும் அதில் வருகிறார்கள். பல சலுகைகளுக்கு 40 சதவீதம் என்பது எல்லைக்கோடு. அரசுக்கு ஓர் அளவுகோல் வேண்டும், அதில் தவறில்லை. ஆனால் 45 சதவீதம் என்று எழுதிய அட்டையில், காலையில் சட்டைப் பொத்தானைப் போட எத்தனை நிமிடம் ஆகிறது என்பது இருக்காது. பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர் கொடுக்கும்போது டம்ளரைக் கையில் தராமல் கீழே வைத்தார் என்பதும் இருக்காது.

வலியே இல்லாத நோய்

தொழுநோயை ‘என்ன பண்ணுது?’ என்று கேட்டால், ஆரம்பத்தில் கிடைக்கும் பதில் ‘ஒண்ணும் பண்ணல’ என்பதுதான். அங்கேதான் ஆபத்து. 1873-ல் நார்வே மருத்துவர் ஹான்சன் கண்டறிந்த இந்தக் கிருமி, தோலையும் நரம்புகளையும் தாக்குகிறது. உணர்ச்சி போய்விடுகிறது. அடுப்பில் கை பட்டாலும் தெரியாது, செருப்புக்குள் முள் இருந்தாலும் தெரியாது. விரல்கள் தானாக ‘அழுகி விழுவதில்லை’. உணராத காயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துதான் அந்த நிலை வருகிறது. இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர், கொல்லிமலையில் வளர்ந்து வேலூர் சி.எம்.சி-யில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் பால் பிராண்ட். வலி என்பது ஒரு கொடை என்று அவர் எழுதியது, நோயாளிகளுடன் பழகிக் கிடைத்த அனுபவத்தில்.

1980-களில் வந்த கூட்டு மருந்துச் சிகிச்சையில் 6 மாதத்திலோ 12 மாதத்திலோ கிருமி ஒழிந்துவிடும். மருந்து இலவசம். ஆனால் ஏற்கெனவே செத்துப்போன நரம்பு பெரும்பாலும் திரும்பி வராது. ஆக, நோய் குணமானவரும் மீதி வாழ்நாள் முழுக்க அதன் விளைவோடுதான் வாழ்கிறார். ஊரும் அவரைக் குணமானவராகப் பார்ப்பதில்லை. தொழுநோயை விவாகரத்துக்கான காரணங்களிலிருந்து நீக்க நமக்கு 2019 வரை ஆனது.

தமிழர்களின் மனதில் இந்த நோய்க்கு இருக்கும் முகம் எது? 1954-ல் வந்த ‘ரத்தக்கண்ணீர்’. எம்.ஆர்.ராதாவின் நடிப்பு அசாத்தியம், அதில் இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அந்தக் கதையில் நோய் என்பது ஆடிய ஆட்டத்துக்குக் கிடைத்த தண்டனை. தொழுநோயாளிகளைப் பற்றி மற்றவர்கள் பேசினார்கள், நடித்தார்கள், நாம் கைதட்டினோம். அவர்கள் பேசியது எங்கேயும் பதிவாகவில்லை.

பாரதபுரத்தில் ஒரு புள்ளி

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924-ல் லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லம் தொடங்கப்பட்டது. 1955-ல் மத்திய அரசு அதை ஏற்றது. இன்று அது மத்திய தொழுநோய் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனம். வீட்டுக்குத் திரும்ப முடியாதவர்கள் இப்படிப்பட்ட மருத்துவமனைகளை ஒட்டியே தங்கிவிடுவது நாடு முழுக்க நடந்ததுதான். செங்கல்பட்டுப் பக்கத்தில் அப்படி ஒரு குடியிருப்பு, பாரதபுரம்.

2005-ல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஓவியர் வெர்னர் டோர்னிக்கும், தொழுநோய்க் குடியிருப்புகளில் பல ஆண்டுகள் வேலைசெய்த பத்மா வெங்கட்ராமனும் (முன்னாள் குடியரசுத் தலைவர் ஆர்.வெங்கட்ராமனின் மகள்) இங்கே ‘பிந்து ஆர்ட் ஸ்கூல்’ என்ற ஓவியப் பள்ளியைத் தொடங்கினார்கள். பிந்து என்றால் புள்ளி. கோலம் போடுகிற ஊருக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. அதே 2005 டிசம்பரில்தான், தேசிய அளவில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற இலக்கை இந்தியா எட்டியது. கணக்கில் நோய் ‘முடிந்த’ வருடத்தில், அந்த நோயோடு வாழ்ந்த முதியவர்கள் படம் வரைய உட்கார்ந்தார்கள்.

வந்தவர்களில் பலர் அதற்கு முன் தூரிகையைத் தொட்டதே இல்லை. விரல்கள் குறைந்த கைகள், மடங்கிப்போன கைகள். என்ன வரைந்தார்கள்? சோகத்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துவிடுவார்கள். மரங்கள், பறவைகள், விலங்குகள்; அதுவும் அடர்த்தியான, கண்ணைப் பறிக்கும் வண்ணங்களில். இந்தப் படங்கள் இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. விற்ற பணம் வரைந்தவர்களின் பிழைப்புக்கு உதவியது.

‘அப்படியென்றால் இதில் நோயின் அனுபவம் எங்கே இருக்கிறது?’ என்று கேட்கலாம். எனக்கும் முதலில் அந்தச் சந்தேகம் இருந்தது. யோசித்தால், நோயாளி வரைந்தால் நோயைத்தான் வரைய வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதே ஒருவகை அதிகாரம். வாழ்நாளெல்லாம் கைகளுக்காகவே பார்க்கப்பட்ட ஒருவர், அந்தக் கையால் ஒரு மரத்தை வரைந்து ‘இதைப் பாருங்க’ என்கிறார். பார்க்கப்பட்டவர், எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்பவராகிறார்.

அப்பர் வழி வேறு

நேருக்கு நேராக வலியையே பாடிய மரபும் நமக்கு உண்டு. ஏழாம் நூற்றாண்டில், சமணத் துறவியாக இருந்த தருமசேனர் சூலை நோயால் துடித்து, அக்கா திலகவதியாரைத் தேடித் திருவதிகைக்கு வந்தார் என்கிறது பெரியபுராணம். அங்கே பாடியதுதான் திருநாவுக்கரசரின் முதல் பதிகம். நான்காம் திருமுறை தொடங்குவதே அதில்தான். பக்தியை ஒரு நிமிடம் தள்ளிவைத்துப் படித்தால், தாங்க முடியாத வயிற்று வலிக்காரர் ஒருவரின் முறையீடு அது. வயிற்றுக்கோளாறு வந்தால் இன்றும் அதை ஓதும் வீடுகள் உண்டு. சொந்தமாகச் சொல்ல வார்த்தை வராதபோது, வேறொருவர் வலியில் சொன்னதைக் கடன் வாங்கிக்கொள்கிறோம்.

சரி, இதனால் உடம்புக்கு ஏதாவது நன்மை உண்டா? அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 1999-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆஸ்துமா, முடக்குவாத நோயாளிகள் 112 பேரில் ஒரு பகுதியினரை, வாழ்வில் தங்களை உலுக்கிய அனுபவத்தைத் தொடர்ந்து மூன்று நாள் 20 நிமிடம் எழுதச் சொன்னார்கள். நான்கு மாதம் கழித்து அவர்களில் 47 சதவீதம் பேரிடம் மருத்துவரீதியான முன்னேற்றம் தெரிந்தது. சாதாரண விஷயங்களை எழுதியவர்களிடம் 24 சதவீதம். அதற்குப் பின் நடந்த ஆய்வுகளின் முடிவுகள் கலவையானவை. எழுதும்போது மனம் கனத்துப்போவதும் நடக்கும். மருந்துக்குப் பதில் கவிதை என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்ப வேண்டாம்.

கைமேல் பலன் ஒன்று உண்டு. வலிக்குச் சரியான வார்த்தை. கனடா நாட்டு உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக், நோயாளிகள் வலியைச் சொல்லப் பயன்படுத்திய சொற்களையே திரட்டி 1975-ல் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். 78 சொற்கள். நம் பாட்டிமார்களிடம் அதற்குக் குறையாமல் இருக்கும்: குடைச்சல், குத்தல், கடுப்பு, உளைச்சல், இழுப்பு, எரிச்சல், மதமதப்பு, விண்விண்ணென்று தெறிப்பது. எரிச்சலும் மதமதப்பும் கரண்ட் அடித்த மாதிரி இருப்பதும் நரம்பைச் சுட்டலாம். காலையில் விரல்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்துக் கிடந்தால் அது மூட்டழற்சியாக இருக்கலாம். ஒரு நாற்பது பக்க நோட்டில் தினமும் நாலு வரி எழுதி அடுத்த முறை எடுத்துப்போனால், டோக்கன் வரிசைக்கு நடுவிலும் டாக்டர் படித்துவிடுவார். அது கவிதையாக இருக்க வேண்டும் என்றில்லை.

உடம்பில் வெளிறிய தேமல் இருந்து, அந்த இடத்தில் தொட்டால் தெரியவில்லை என்றால், ‘அது ஒண்ணும் பண்ணலயே’ என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.