எடையைப் பேசும் முன் மனதைக் கேளுங்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எனப் பரந்த தோல் தொழில் வட்டாரத்தில் விடிந்தால் ஷூ கம்பெனி பஸ்கள் கிளம்பிவிடும். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போன வீட்டில், பள்ளிவிட்டு வரும் பிள்ளைக்குப் பல நாள் பேக்கரி பஃப்ஸும் செல்போனும்தான் துணை. சில மாதங்களில் எடை கூடுகிறது, பேச்சு குறைகிறது. எடையை எல்லோரும் கவனிக்கிறோம். பேச்சு குறைந்ததை 'வயசுக் கோளாறு' என்று விட்டுவிடுகிறோம்.

எடை கூடுவதா, மனச்சோர்வா: எது முதலில் வருகிறது?

இரண்டும் நடக்கும். 58,000-க்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்த 15 ஆய்வுகள் 2010-ல் தொகுக்கப்பட்டன. உடல்பருமன் உள்ளவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு 55 சதவீதமும், மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் பருமன் வரும் வாய்ப்பு 58 சதவீதமும் கூடுதல் எனத் தெரிந்தது. பள்ளி மாணவர்களிடம் அமெரிக்காவில் நடந்து 2002-ல் வெளியான ஆய்வு இன்னும் முக்கியமானது. மனம் சோர்ந்திருந்த பிள்ளைகளுக்கு ஓராண்டில் பருமன் வரும் வாய்ப்பு கூடியிருந்தது. ஆனால் பருமனாக இருந்ததாலேயே சோர்வு வரும் வாய்ப்பு கூடியதாகத் தெரியவில்லை.

மனம் சோர்ந்தால் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடும். ஓடியாட மனம் வராது. இனிப்பும் பொரித்ததும் கொஞ்ச நேரம் ஆறுதல் தரும். சிலருக்கு நேர்மாறாகப் பசியே அற்றுப்போய் உடல் மெலியும்.

கேலி செய்யும் கேடு

'குண்டு', 'பூசணி' என்றும், மெலிந்த பிள்ளையை 'ஓமக்குச்சி' என்றும் கூப்பிடுவது நமக்கு விளையாட்டு. கல்யாண வீட்டில் நாலு பேர் எதிரில், "இப்படியே இருந்தா யாரு கட்டிக்குவா?" என்று ஒரு பெண் பிள்ளையிடம் கேட்டால், அன்று அவள் பந்தியில் சாப்பிட மாட்டாள், இரவில் ஒளித்துச் சாப்பிடுவாள். கேலியால் எடை குறைவதில்லை. சோர்வும் கட்டுப்பாடில்லாமல் உண்பதும்தான் கூடுகின்றன.

கழுத்துக் கருமை அழுக்கல்ல

பருமனான பிள்ளைகளின் பின்கழுத்தில் வெல்வெட் போல் தடித்த கருமை படர்வதுண்டு. அதை அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்குகிறோம். பெரும்பாலும் அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். மருத்துவரிடம் காட்ட வேண்டும். தைராய்டு குறைபாடும் ரத்தசோகையும்கூட மனச்சோர்வைப் போலவே அசதி தரும். ரத்தப் பரிசோதனையில் இவை தெரிந்துவிடும். 18 வயதுக்குட்பட்டவர்களின் எடையை வயது, பாலினத்துக்கான வளர்ச்சி அட்டவணையோடுதான் ஒப்பிட வேண்டும். பெரியவர்களுக்கான அளவுகோல் பொருந்தாது.

எப்போது உஷாராக வேண்டும்?

வளரிளம் பருவத்தில் மனச்சோர்வு அழுகையாகவே வரும் என்றில்லை. எரிச்சலாகவும் கோபமாகவும் வரும். கீழ்க்கண்டவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்:

• பிடித்த விளையாட்டிலும் நண்பர்களிடமும் நாட்டமின்மை
• தூக்கம், பசியில் பெரிய மாற்றம்
• மதிப்பெண் சரிவு, பள்ளிக்குப் போக மறுப்பது
• 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்ற பேச்சு

சாக வேண்டும் என்று பிள்ளை சொன்னால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது.

எங்கே போவது?

வேலூர் பாகாயத்தில் சிஎம்சி மருத்துவமனையின் மனநல மையம் 1957 முதல் இயங்குகிறது. குடும்பத்தாரும் நோயாளியுடன் தங்கி சிகிச்சையில் பங்கெடுப்பது அதன் வழக்கம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் நாடலாம். 2022-ல் தொடங்கிய 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். சில மனநல மருந்துகள் எடையைக் கூட்டக்கூடும். அப்படியானால் மருத்துவரிடம் சொல்லி மாற்றுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

ஞாயிற்றுக்கிழமை எல்லோர் தட்டிலும் பிரியாணி இருக்க, ஒரு பிள்ளைக்கு மட்டும் கஞ்சி வைப்பது தண்டனை. உணவை மாற்றுவதானால் வீடு முழுக்க மாற்றுங்கள். வேலை முடிந்து வந்ததும் பிள்ளையோடு அரை மணி நேரம் நடங்கள். நடக்கும்போது எடையைப் பற்றிப் பேச வேண்டாம். அன்றைய நாள் எப்படிப் போனது என்று கேளுங்கள், பதிலைக் குறுக்கிடாமல் கேளுங்கள். மனம் தேறிய பிள்ளைக்கு ஓடியாடவும் அளவோடு உண்ணவும் தெம்பு வரும்.