தலை சாய்ந்த முயலுக்கும் வாழ்வு உண்டு

நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்த வளர்ப்பு முயல் திடீரென்று தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்கிறது. நடக்க முயன்றால் வட்டமடிக்கிறது, சாய்ந்த பக்கமாகவே விழுகிறது. சில முயல்கள் உடலை முறுக்கி, உருண்டு உருண்டு கூண்டுக் கம்பியில் போய் மோதுகின்றன. கண்மணிகள் நிற்காமல் அசைகின்றன. பார்ப்பவருக்கு வலிப்பு என்றோ பக்கவாதம் என்றோ தோன்றும். ‘இனிப் பிழைக்காது’ என்று முடிவுகட்டி, கருணைக்கொலைக்குக் கொண்டுபோகிறவர்களும் உண்டு.

அந்த முடிவுக்கு வருமுன் இந்த நோயைக் கொஞ்சம் அறிந்துகொள்ள வேண்டும். பார்க்க எவ்வளவு கொடூரமாக இருந்தாலும், தலைச் சாய்வு பல முயல்களுக்கு மீளக்கூடிய நோய். முயலின் உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் அந்தச் சாய்வு அல்ல. அதைத் தொடர்ந்து வரும் பட்டினி.

காது கேட்பதற்கு மட்டுமல்ல

முயலுக்கும் நமக்கும் உட்காதின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொரு காதின் உள்ளேயும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக மூன்று அரைவட்டக் குழல்கள். அவற்றுக்குள் திரவம். தலை திரும்பும்போது குழலும் கூடவே திரும்பிவிடுகிறது. திரவமோ ஒரு கணம் பின்தங்குகிறது. அந்தப் பின்தங்கலில் நுண்மயிர்கள் வளைந்து, ‘தலை இந்தப் பக்கம் திரும்புகிறது’ என்று நரம்பு வழியே மூளைக்குச் செய்தி போகிறது. குழல்களின் அருகே இரண்டு சிறு பைகள். அவற்றில் உள்ள கால்சியம் கார்பனேட் படிகங்கள் புவியீர்ப்பின் இழுப்புக்கு ஏற்ப நகர்ந்து, மேல் எது, கீழ் எது என்று சொல்கின்றன.

இந்தக் குழல்கள் கேட்பதற்கானவை என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1820களில் பிரான்ஸின் பியர் ஃப்ளூரான்ஸ் புறாக்களின் அரைவட்டக் குழல்களை வெட்டிப் பார்த்தார். புறாக்களின் செவித்திறன் போகவில்லை, சமநிலைதான் போயிற்று. எந்தக் குழலை வெட்டினாரோ அதன் தளத்திலேயே தலை ஆடியது. சமநிலை உறுப்பின் இயக்கத்தை ஆராய்ந்த வியன்னா மருத்துவர் ராபர்ட் பாராணிக்கு 1914ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ருடால்ஃப் மாக்னஸ் முயல்களையே ஆராய்ந்தார். முயலின் இடுப்பைப் பிடித்து எந்தப் பக்கம் திருப்பினாலும் அதன் தலை மட்டும் நேராகவே நிற்க முயல்வதைக் காட்டினார். இரண்டு உட்காதுகளையும் நீக்கிவிட்டால் அந்தத் திறன் போய்விடுவதையும் காட்டினார். விலங்குகள் உடலை நிமிர்த்தி நிறுத்துவது எப்படி என்பது பற்றி 1924இல் அவர் எழுதிய நூல் இத்துறையின் அடிப்படை நூல்களில் ஒன்று.

இரண்டு உட்காதுகளும் ஓய்வில்கூடச் சும்மா இருப்பதில்லை. இரண்டும் சம அளவில் ஓயாமல் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. மூளை இரண்டையும் ஒப்பிட்டே தலையை நேராக வைக்கிறது. இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு தளர்ந்தால் வண்டி தளர்ந்த மாட்டின் பக்கமே திரும்பும். இங்கேயும் அதே கதைதான். இடக்காது பழுதானால் தலை பொதுவாக இடப்பக்கம் சாயும். முயல் அசையாமல் படுத்திருந்தாலும், ‘நான் சுழல்கிறேன்’ என்றே அதன் மூளை நம்பும். காட்சியைப் பிடித்து நிறுத்தக் கண்களை மெல்ல ஒரு பக்கம் நகர்த்தி, சட்டென்று திரும்ப இழுக்கும். நாம் பார்க்கும் கண் ஊசலாட்டம் இதுதான். உருள்வது வலிப்பினால் அல்ல. தரை எங்கே என்று தெரியாத உயிர் தரையைத் தேடுவதுதான் அது.

காரணங்கள் இரண்டு

அடிபடுதல், கட்டி, நஞ்சு, வெயில் தாக்குதல் என்று பல காரணங்கள் இருக்கலாம். ஆனாலும் அடிக்கடி காண்பவை இரண்டு. முதலாவது, காதில் சீழ். பாஸ்டுரெல்லா, ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் மூக்கு வழியாகவோ வெளிக்காது வழியாகவோ நடுக்காதை அடைந்து, அங்கிருந்து உட்காதுக்குப் பரவுகின்றன. முயலின் சீழ் நீர்த்து ஓடாது, பாலாடைக்கட்டி போல இறுகிக் கிடக்கும். அதனால் மருந்து உள்ளே போவது கடினம். காது தொங்கும் இன முயல்களுக்குக் காதுக்குழாய் மடிந்து குறுகியிருப்பதால் இந்தத் தொல்லை அதிகம். முகத்தை அசைக்கும் நரம்பு நடுக்காதை ஒட்டியே செல்வதால், ஒரு பக்க உதடு தொங்குவதும் கண்ணிமை மூடாமல் போவதும் காது நோயைச் சுட்டும் தடயங்கள்.

இரண்டாவது, ‘என்செஃபாலிட்டோசூன் குனிகுலி’ என்னும் ஒட்டுண்ணி. 1922இல் அமெரிக்காவில் ரைட், கிரெய்க்ஹெட் என்னும் இருவர், முடங்கிப்போன இளம் முயல்களில் இதை முதன்முதலில் விவரித்தார்கள். பல பத்தாண்டுகள் ஒருசெல் விலங்காகக் கருதப்பட்ட இது பூஞ்சைகளுக்கு நெருங்கிய உறவு என்பது பின்னரே தெளிவாயிற்று. சுமார் 2.5 மைக்ரான் நீளமுள்ள இதன் வித்துக்குள் நுண்ணிய குழாய் ஒன்று சுருண்டிருக்கிறது. உரிய வேளையில் அது சீறி வெளியே பாய்ந்து உயிரணுவைத் துளைக்கிறது. வித்தின் உள்ளடக்கம் முழுவதும் அந்தக் குழாய் வழியே உள்ளே புகுந்துவிடுகிறது. 2001இல் இதன் மரபணுத்தொகுதியைப் படித்தபோது விஞ்ஞானிகள் வியந்தார்கள். மொத்தமே சுமார் 29 லட்சம் எழுத்துகள், ஏறத்தாழ 2,000 மரபணுக்கள். நம் குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவின் மரபணுத்தொகுதியைவிடவும் சிறியது. தனக்கான ஆற்றலைத் தயாரிக்கும் வேலையில்கூடப் பெரும்பகுதியைக் கைவிட்டு, இந்த ஒட்டுண்ணி குடியேறிய உயிரணுவிடமிருந்தே ஆற்றலைத் திருடிப் பிழைக்கிறது.

இதன் வித்துகள் நோயுற்ற முயலின் சிறுநீரில் வெளிவந்து, உணவிலும் நீரிலும் கலந்து அடுத்த முயலை அடைகின்றன. சிறுநீரகம், மூளை, கண்வில்லை ஆகியவை இதன் இருப்பிடங்கள். தாயின் வயிற்றிலேயே குட்டிக்குத் தொற்றுவதும் உண்டு. தொற்றிய பல முயல்கள் வாழ்நாள் முழுவதும் எந்தக் குறியும் காட்டாமலே வாழ்கின்றன. பெரும்பாலும் எதிர்ப்பாற்றல் குறையும் முயலில்தான் மூளையில் அழற்சி கிளம்பி, சமநிலை குலைகிறது.

இதனால்தான் நோயறிதல் எளிதல்ல. இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் அந்த முயல் ஒட்டுண்ணியை என்றோ சந்தித்திருக்கிறது என்றுதான் பொருள். இன்றைய நோய்க்கு அதுவே காரணம் என்று ஆகிவிடாது. கண்கள் மேலும் கீழுமாக அசைந்தால் மூளைப் பாதிப்பு என்ற ஐயம் வலுக்கும். நடுக்காதின் நிலையை சி.டி. ஸ்கேன் தெளிவாகக் காட்டும். அந்த வசதி எட்டாதபோது மருத்துவர்கள் பெரும்பாலும் இரண்டு காரணங்களுக்கும் சேர்த்தே சிகிச்சை தொடங்குகிறார்கள். ஒட்டுண்ணிக்கு ஃபென்பெண்டசோல் என்னும் குடற்புழு மருந்தை 28 நாட்கள் கொடுப்பது வழக்கம். நம் ஊரில் ஆடு மாடுகளுக்கும் கொடுக்கும் மருந்துதான். ஆனால் அளவு பிசகினால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்படலாம் என்பதால் மருத்துவர் எடை பார்த்தே தர வேண்டும். மருந்து ஒட்டுண்ணியின் பெருக்கத்தைத்தான் தடுக்கும். ஏற்கெனவே சிதைந்த திசுவைச் சரிசெய்யாது.

வயிறு நின்றால் உயிர் நிற்கும்

முயலின் குடல் ஓயாமல் இயங்கினால்தான் அது பிழைக்கும். தலைசுற்றலோ வலியோ அச்சமோ வந்தால் முயல் தின்பதை நிறுத்துகிறது, குடல் மந்தமாகிறது, வயிறு உப்புகிறது, அந்த வலியில் இன்னும் தின்ன மறுக்கிறது. முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. சுமார் 12 மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் அது அவசரநிலை.

இன்னொரு சிக்கலும் உண்டு. முயல் தன் மென்மையான ஒருவகைப் புழுக்கையை ஆசனவாயிலிருந்தே நேராக எடுத்துத் தின்னும். அதிலிருந்தும் வைட்டமின்களும் புரதமும் அதற்குக் கிடைக்கின்றன. சமநிலை இழந்த முயலால் அப்படிக் குனிய முடியாது. புழுக்கை உரோமத்தில் ஒட்டிக்கொள்ளும், ஈ மொய்க்கும், புழு வைத்துவிடும். நம் வெப்பத்தில் இது ஒரே நாளில் நடந்துவிடும். ஆகவே பின்பக்கத்தை நாள்தோறும் பார்த்துத் துடைத்துவிட வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை பெரிய வித்தைகள் அல்ல. கம்பிக் கூண்டை விட்டு அட்டைப்பெட்டிக்கு மாற்றி, சுருட்டிய துணிகளைச் சுற்றிலும் அணைகொடுங்கள். உருளும் முயலுக்கு அந்த அணைப்பே பாதி மருந்து. தரையில் வழுக்காத விரிப்புப் போடுங்கள். புல், வேலிமசால், கொத்தமல்லித் தழை எதுவானாலும் வாயருகே பிடித்து ஊட்டுங்கள். தானாகத் தின்னாவிட்டால் ஊறவைத்த முயல் தீவனக் கூழை, மருத்துவர் காட்டித்தரும் முறையில் சிரிஞ்சில் சிறிது சிறிதாகப் புகட்டுங்கள். கீழ்ப்பக்கக் கண் தரையில் உரசிப் புண்ணாகாமல் இருக்கக் கண் மருந்து கேட்டு வாங்குங்கள். அடிக்கடி தூக்காதீர்கள். முயலின் எலும்பு மெலிது, பின்னங்கால் வலுவோ மிகுதி. திமிறினால் முதுகெலும்பு முறியும்.

வீட்டில் மீந்த மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். நமக்குப் பழக்கமான அமாக்சிசிலின் முயலின் வாய் வழியே போனால், குடலின் நல்ல நுண்ணுயிர்களை அழித்து உயிரையே பறிக்கக்கூடும். நாய்க்கு உண்ணி மருந்தாகப் போடும் ஃபிப்ரோனிலும் முயலுக்கு நஞ்சு. முயலுக்கு மருந்து தரும் அனுபவமுள்ள கால்நடை மருத்துவரைத் தேடிப் போவதே சரியான வழி. வீட்டில் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் இருந்தால் கூண்டைச் சுத்தம் செய்யும் வேலையை வேறொருவர் ஏற்க வேண்டும், கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்; இந்த ஒட்டுண்ணி அரிதாக மனிதருக்கும் தொற்றும்.

மூளை கற்றுக்கொள்கிறது

சேதமான காதிலிருந்து வரும் செய்தி திரும்பாவிட்டாலும் மூளை கைகட்டி நிற்பதில்லை. பழுதான பக்கத்தின் குறைந்த சமிக்ஞையையே புதிய இயல்பாக ஏற்று, கண்ணும் பாதமும் கழுத்துத் தசைகளும் தரும் தகவல்களைக் கூடுதலாக நம்பத் தொடங்குகிறது. நாட்கள் போகப் போகக் கண் ஊசலாட்டம் அடங்கும், உருளல் குறையும், முயல் எழுந்து நிற்கும். சில முயல்களுக்குச் சாய்வு முற்றிலும் மறைகிறது. சிலவற்றுக்குக் கொஞ்சம் சாய்ந்த தலை நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. அந்தச் சாய்வோடே அவை தின்று, குதித்து, துணையோடு படுத்துறங்கி வாழ்கின்றன. நடமாடினால்தான் மூளை பழகும் என்பதால், உருளல் அடங்கியதும் பத்திரமான இடத்தில் நடக்கவிடுவதும் சிகிச்சையின் பகுதியே.

எல்லா முயல்களும் பிழைப்பதில்லை என்பதும் உண்மை. வலி தீராமல், எதுவும் தின்னாமல், சிகிச்சைக்கு இணங்காமல் துன்புறும் உயிரை விடுவிப்பது சில நேரம் கருணைதான். ஆனால் அந்த முடிவை முதல் நாளின் பதற்றத்தில் எடுக்காதீர்கள். தலை சாய்ந்த அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள், வயிறு காயவிடாதீர்கள், சில வாரங்கள் பொறுத்திருங்கள். வாயில்லா ஜீவனுக்கு நாம் தரக்கூடிய முதல் மருந்து அந்தப் பொறுமைதான்.