இன்ஜினியரிங் கன்சல்டன்சியில் நம் பிள்ளைகள் என்ன வேலை செய்கிறார்கள்?

"மாப்பிள்ளை கன்சல்டன்சியில் வேலை பார்க்கிறார்" என்றால் நம் பெரியவர்கள் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது விசா எடுத்துக் கொடுக்கும் ஏஜென்ட் அலுவலகம்தான். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் இழுத்தடிக்கும் சிலரால் அந்தச் சொல்லுக்கு வந்த பெயர் அது. துபை, ரியாத், தோஹா, சென்னை, பெங்களூரு என்று இன்ஜினியரிங் கன்சல்டன்சிகளில் இருக்கும் நம் பிள்ளைகளின் வேலை முற்றிலும் வேறு. வீட்டாருக்கே அது சரியாகத் தெரிவதில்லை. "பில்டிங் கட்டுகிறான்" என்பார்கள். அவன் கட்டுவதில்லை.

ஒரு பெரிய கட்டுமானத்தில் மூன்று தரப்பினர் உண்டு. பணம் போடுபவர் உரிமையாளர். கம்பி, சிமெண்ட், ஆட்களைக் கொண்டு வேலையை முடித்துத் தருபவர் கான்ட்ராக்டர். எப்படிக் கட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டு வரைபடம் தருபவரும், அதன்படி கட்டப்படுகிறதா என்று பார்ப்பவரும் கன்சல்டன்ட். மக்காவில் ஹரமுக்கு அருகே நிற்கும் கடிகாரக் கோபுர வளாகத்தை வடிவமைத்தது 1956-ல் தொடங்கப்பட்ட தார் அல்ஹந்தஸா என்ற கன்சல்டன்சி. கட்டி முடித்தது பின்லாதின் குழுமம்.

இந்தத் துறையில் நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய பெயர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான். 1929-ல் டாக்காவில் பிறந்தவர். உதவித்தொகையில் அமெரிக்கா சென்று படித்து, 1955-ல் ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்ட் மெரில் என்ற நிறுவனத்தில் சேர்ந்தார். சிகாகோவின் 100 மாடி ஜான் ஹான்காக் கட்டடத்துக்கும் 110 மாடி சியர்ஸ் கோபுரத்துக்கும் பலம் தந்தது அவருடைய கணக்கு. காற்றின் தள்ளுதலைத் தாங்கும் பொறுப்பை வெளிச்சுற்றுத் தூண்களிடம் கொடுத்து, கட்டடம் முழுவதையும் ஒரு குழாய் போல நிற்கச் செய்தார். ஜித்தா விமான நிலையத்தில் ஹாஜிகள் இறங்கும் முனையத்தின் கூடாரக் கூரையிலும் அவருடைய பங்கு பெரிது. ஹஜ்ஜுக்குப் போனவர்களில் பலர் அதன் நிழலில் காத்திருந்திருப்பீர்கள். 1982-ல் அதே ஜித்தாவில் அவர் வஃபாத்தானார். அவர் விட்டுச் சென்ற அத்தனையும் காகிதத்தில் போட்ட கணக்கிலிருந்து எழுந்தவை.

அப்படியானால் இந்த நிறுவனங்கள் எதை விற்கின்றன? நேரத்தைத்தான். வாரக் கடைசியில் ஒவ்வொருவரும் டைம்ஷீட் நிரப்ப வேண்டும். திங்களன்று பால வேலைக்கு ஐந்து மணி நேரம், மருத்துவமனை வேலைக்கு மூன்று மணி நேரம் என்று ஒவ்வொரு மணிக்கும் ஒரு திட்ட எண் உண்டு. பல ஒப்பந்தங்களில் இதை வைத்தே உரிமையாளருக்கு பில் போகிறது. ஊழியருக்குத் தரும் சம்பளத்தைப் போல இரண்டு, மூன்று மடங்கு பில்லில் வரும். அலுவலக வாடகை, சாஃப்ட்வேர், காப்பீடு, லாபம் எல்லாம் அதற்குள் அடக்கம். ஆகவே ஒருவருடைய நேரத்தில் எவ்வளவு பில் ஆகிறது என்பதை மேலாளர் பார்த்துக்கொண்டே இருப்பார். புதிதாகச் சேர்ந்தவருக்கு இது பெரிய நெருக்கடி. வேலை இல்லாத நாளில் எந்த எண்ணில் எழுதுவது? சும்மா இருந்த மூன்று மணி நேரத்தை யாரோ ஒருவரின் திட்டத்தில் ஏற்றிவிடும் சோதனை அங்கேதான் வருகிறது. நேர்மாறானதும் நடக்கும். திட்டத்துக்கு ஒதுக்கிய மணி தீர்ந்துவிட்டதென்று பத்து மணி நேரம் உழைத்தவரை எட்டு என்று எழுதச் சொல்வார்கள். அந்தப் பொய்க் கணக்கை வைத்து அடுத்த திட்டத்துக்கு விலை சொல்வார்கள். அங்கேயும் யாரோ ஒருவர் இரவெல்லாம் விழித்திருப்பார்.

வங்கிக் கட்டடத்துக்கு வரைபடம் போடலாமா, மதுபான ஆலைக்குப் போடலாமா என்று விடுமுறையில் வரும் இளைஞர்கள் நம்மிடம் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பெரிய நிறுவனத்தில் பல திட்டங்கள் நடப்பதால், அத்தகைய வேலைகளிலிருந்து விலக்கித் தரும்படி தொடக்கத்திலேயே கேட்டுப் பார்க்க வழி உண்டு. ஆனால் டைம்ஷீட்டைப் பற்றி இதுவரை ஒருவரும் நம்மிடம் கேட்டதில்லை. அளவில் குறைப்பவர்களை எச்சரிக்கும் 83-வது அத்தியாயம் தராசு வைத்திருக்கும் கடைக்காரருக்கு மட்டும் இறங்கியது என்று நினைத்துக்கொள்கிறோம் போலும்.

அடுத்தது கையெழுத்து. வரைபடத்தின் ஓரத்தில் வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். அவசரத்தில் நடுக்கட்டம் சடங்காகிவிடுவது உண்டு. அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் ஹயாத் ரீஜன்சி ஹோட்டலில், 17 ஜூலை 1981 அன்று, கூடத்தின் மேலே தொங்கிய இரண்டு நடைபாலங்கள் அறுந்து விழுந்து 114 பேர் இறந்தார்கள். கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பியில் இரு பாலங்களும் தனித்தனியே தொங்க வேண்டும் என்பது முதல் வடிவம். இரும்பு வேலைக்காரர்களின் வசதிக்காக அது மாறியது. மேல் பாலம் கூரையில் தொங்க, கீழ்ப் பாலம் மேல் பாலத்தில் தொங்கியது. மேலே இருந்த ஒவ்வொரு திருகாணியின் மீதும் சுமை இரட்டிப்பானது. அந்த மாற்றம் இருந்த வரைபடத்தில் கன்சல்டன்ட்டின் முத்திரை இருந்தது. பொறுப்பான பொறியாளர்களின் உரிமம் பின்னர் பறிக்கப்பட்டது. கணக்குத் தெரியாதவர்கள் அல்ல அவர்கள். அந்த இணைப்பு தாங்குமா என்று ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். நபி மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்துமாறு அந்தப் பெண்மணி தம் தந்தையிடம் பரிந்துரைத்தபோது வலிமையோடு நம்பகத்தன்மையையும் சேர்த்துச் சொன்னார். படிப்பு முதலாவதை மட்டுமே தருகிறது.

சைட்டில் மேற்பார்வைக்கு நிற்பவர்களுக்குச் சோதனை வேறு வகை. வளைகுடாவின் பல ஒப்பந்தங்கள் ஃபிடிக் என்ற சர்வதேச அமைப்பின் மாதிரியைத் தழுவியவை. அதில் கன்சல்டன்ட்டின் பெயரே 'இன்ஜினியர்'. அவருக்குக் கூலி தருவது உரிமையாளர். ஆனால் கான்ட்ராக்டருக்குக் கூடுதல் நாள் சேருமா, கூடுதல் தொகை சேருமா என்று நியாயமாகச் சொல்ல வேண்டியவரும் அவர்தான். கம்பி கட்டியது சரி என்று அவருடைய ஆள் கையெழுத்துப் போட்டால்தான் கான்கிரீட் கொட்ட முடியும். மாத பில் நகரவும் அவர் ஒப்புதல் வேண்டும். எனவே ரமளானில் பேரீச்சம்பழப் பெட்டி வரும், பெருநாளுக்கு மொபைல் போன் வரும், "சும்மா அன்பளிப்புதான் பாய்" என்ற சொல்லும் கூடவே வரும். ஸகாத் வசூலிக்கச் சென்று திரும்பிய இப்னுல் லுத்பிய்யா, இது உங்களுக்கு, இது எனக்குத் தரப்பட்ட அன்பளிப்பு என்று பிரித்துக் காட்டியபோது, தாய் தந்தையின் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்ற பொருளில் அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. சைட் இன்ஜினியருக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் நமக்குத் தெரியவில்லை. நல்ல நிறுவனங்களில் அன்பளிப்பு வந்தால் பதிவு செய்ய வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. அதைக் காட்டியே மறுத்துவிடலாம், மனக்கசப்பும் வராது.

மற்றபடி வேலை எப்படி? சிறிய அலுவலகத்தில் ஒருவரே எல்லாம் கற்றுக்கொள்வார். பெரியதில் இரண்டு ஆண்டுகள் வடிகால் குழாய் மட்டுமே வரைய நேரலாம். சென்னையில் உட்கார்ந்து லண்டன் வேலையைச் செய்பவருக்கு மாலைக் கூட்டங்கள் மஃரிபைத் தாண்டும். ஜும்ஆ நேரத்தைக் காலண்டரில் முன்கூட்டியே அடைத்து வைத்தால் பெரும்பாலும் சிக்கல் இருக்காது. வடிவமைப்புப் பிரிவு அலுவலக வேலை என்பதால் பொறியியல் படித்த நம் பெண் பிள்ளைகளுக்கும் ஏற்றது. திட்டம் முடிந்து அடுத்தது வராவிட்டால் ஆட்குறைப்பு வரும். வளைகுடாவில் எண்ணெய் விலை இறங்கிய ஆண்டுகளில் இதை அனுபவித்த குடும்பங்கள் நம்மில் இருக்கின்றன. சம்பளம் முழுவதையும் நம்பி வீட்டுக் கடனில் இறங்குவதற்கு முன் இதையும் எண்ணிக்கொள்ள வேண்டும். வட்டி இருக்கிறது என்பது தனி.

பெற்றோரிடம் ஒன்று. தொடக்கத்தில் சொன்ன அந்த ஏஜென்ட் கன்சல்டன்சிகளில் சில, இரண்டு வருட அனுபவத்தை ஐந்து வருடமாக்கிச் சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்லும். கட்டணத்தை வாப்பாதான் கொடுக்கிறார். சவூதியில் பொறியாளராக வேலை செய்ய அந்நாட்டுப் பொறியாளர் கவுன்சிலில் பதிவு செய்தாக வேண்டும். அங்கே சான்றிதழ்கள் சரிபார்க்கப்படும்.