மூக்கு சொன்னால் கேளுங்கள்!

நான் ஜவ்வாது மலைக்காரன். ஒருமுறை ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு ஜீப்பில் இறங்கிக்கொண்டிருந்தோம். பாதி மலையில் என் ஆயா, "என்னமோ கருகுது, வண்டிய நிறுத்துப்பா" என்றாள். "உன் சுருட்டு நாத்தம்தான் ஆயா!" என்று டிரைவர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அடுத்த கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. நல்லவேளை, மலைப்பக்க மண்மேட்டில் மோதி வண்டியை நிறுத்தினார். பிரேக் டிரம்மிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

எங்கள் மலைக்கு மேலே விமானங்கள் பறக்கின்றன. அதில் போகிறவர்களுக்கு இப்படி ஒரு வாடை வந்தால் என்ன செய்வார்கள்? இறங்கிப் பார்க்க முடியாதே! மெக்கானிக்கல் படிக்க வந்த பிறகு இதைத் தேடிப் படித்தேன்.

35,000 அடி உயரத்தில் வெளிக்காற்று மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே இருக்கும், சுவாசிக்கவும் போதாது. ஆகவே பெரும்பாலான ஜெட் விமானங்களில், எஞ்சின் கம்ப்ரஸர் அழுத்திய காற்றில் ஒரு பகுதியை, எரிபொருள் கலக்கும் முன்பே பிரித்தெடுத்து, குளிரவைத்து உள்ளே அனுப்புகிறார்கள். இதுதான் 'பிளீட் ஏர்'. எஞ்சின் பேரிங்குகளுக்கு ஆயில் வேண்டும். அந்த ஆயிலைக் காற்றுப் பக்கம் வராமல் தடுப்பது சீல். சீல் தேய்ந்தால் ஆயில் சூடான காற்றில் கலந்துவிடும். அப்போது வரும் வாடை அழுக்கு சாக்ஸ் மாதிரி இருக்குமாம். (ஹாஸ்டல் நண்பர்கள் பயப்பட வேண்டாம்!) விமானத்தின் ஹெப்பா பில்டர் தூசியையும் கிருமியையும் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது.

12-10-2022 அன்று கோவாவிலிருந்து ஐதராபாத் சென்ற ஸ்பைஸ்ஜெட் விமானத்துக்குள் புகை சூழ்ந்தது, பத்திரமாகத் தரையிறங்கியது. பிளீட் வால்வில் எஞ்சின் ஆயில் இருந்ததை விமானப் போக்குவரத்து இயக்குநரகம் கண்டறிந்தது. 27-6-2025 அன்று மும்பையிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ஏர் இந்தியா விமானம், கருகல் வாடை வந்ததால் மும்பைக்கே திரும்பியது.

எல்லா வாடைக்கும் காரணம் கிடைப்பதில்லை. வாடை சில நிமிடத்தில் போய்விடும். தரையில் எஞ்சினை ஓட்டிப் பார்த்தால் வானத்தில் இருந்த அழுத்தமும் வெப்பமும் இருக்காது; கசிவும் தெரியாது. மின்கம்பி, உணவு சூடாக்கும் அடுப்பு என்று வேறு காரணங்களும் உண்டு. ஆயில் ஆவியைக் கண்டுபிடிக்கும் கருவி பெரும்பாலான விமானங்களில் இல்லை. மனிதனின் மூக்குதான் கருவி! அதனால்தான் சந்தேகம் வந்தவுடன் விமானிகள் முதலில் ஆக்ஸிஜன் முகமூடியை மாட்டுகிறார்கள். காரணத்தைப் பிறகுதான் தேடுகிறார்கள். 2011-ல் சேவைக்கு வந்த போயிங் 787-ல் பயணிகள் சுவாசிக்கும் காற்றை எஞ்சினிலிருந்து எடுப்பதில்லை. மின்சாரக் கம்ப்ரஸர்கள் வெளிக்காற்றை நேரடியாக இழுக்கின்றன.

நண்பர்களே, நாளை நாம் ஒர்க்‌ஷாப்பில், தொழிற்சாலையில் நிற்கப்போகிறோம். "ஏதோ வாடை வருதுங்க" என்று ஒரு ஹெல்பர் வந்து சொன்னால் சிரிக்காதீர்கள். முதலில் மெஷினை நிறுத்துங்கள். அன்று ஜீப்பில் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.